கவிதையை விருந்துக்கு அனுப்பியவர்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்று, தன் நூலகத்தின் வாசிப்பு அறையையே நமக்காகத் திறந்துவிட்டிருக்கும் நூலகர் அம்மா அவர்களே! வேலையை நிறுத்தி, தன் ஊழியர்கள் அனைவரையும் அழைத்துக்கொண்டு வந்து மேடையில் அமர்ந்திருக்கும் பல் ஆய்வக உரிமையாளர் அவர்களே! முன்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டிருக்கிற, எங்கள் அனைவருக்கும் அத்தான் ஆகிவிட்ட பெரியவரே! அவர் தோளில் கை வைத்துக்கொண்டிருக்கும் அன்பு மகளே! வலைப்பதிவு எழுதுகிற, எழுதி நிறுத்திவிட்ட, நாளைக்கு எழுதலாம் என்று ஒத்திப்போட்டுக்கொண்டே இருக்கிற நண்பர்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

நான் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். உதாரணம் இல்லாமல் எதையும் சொல்ல எனக்கு வராது. பாடம் நடத்துகிறான் என்று நினைத்துக்கொள்ளாமல் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கவிஞர் மெழுகு மறைந்துவிட்டார். அழுவதற்காகக் கூடியிருக்கிறோம் என்று வெளியே ஒட்டியிருக்கிற தாளைப் பார்த்தவர்கள் நினைப்பார்கள். நான் அழுவதற்காக எழுந்து நிற்கவில்லை. ஒரு வெற்றியை அறிவிக்க எழுந்து நிற்கிறேன். எந்த வெற்றி என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன். அதற்கு முன்னால், அவரைத் தெரியாமல் இங்கே வந்திருப்பவர்களுக்காக ஆரம்பத்திலிருந்து வருகிறேன்.

மெழுகு என்பது அவருக்கு வீட்டில் வைத்த பெயர் அல்ல. அவர் வேலை பல்செட் செய்வது. இதோ, மேடையில் இருக்கிறாரே, இவருடைய ஆய்வகத்தில்தான் வேலை பார்த்தார். ஜன்னலோரம் ஒரு நீள மேசை. மேசையில் சின்னதாக ஒரு சுடர். அலமாரி முழுக்க வரிசையாகச் சுண்ணாம்புத் தாடைகள், வாயைத் திறந்து நம்மைப் பார்த்துச் சிரித்தபடி. முதல்முறை போனபோது, கண்டிப்பான வகுப்பு ஒன்றில் சிரிப்பை அடக்க முடியாமல் மாட்டிக்கொண்ட மாணவர்கள் போல அவை எனக்குத் தெரிந்தன. அந்தத் தாடைகளின் மேல் ரோஸ் நிற மெழுகை வைத்து, இளக்கி, வளைத்து, ஈறு செய்வார். அதில் ஒவ்வொரு பல்லாகப் பதிப்பார். பிறகு மெழுகு இருந்த இடத்தில் பிளாஸ்டிக் வார்த்து, கொதிநீரில் வைத்து இறுக்குவார். நாளெல்லாம் விரலில் மெழுகு. அதனால்தான் வலைப்பதிவு தொடங்கியபோது அந்தப் பெயரையே வைத்துக்கொண்டார். பதிவுக்குக் 'கடைவாய்' என்று பெயர். வயதில் எனக்கு இளையவர். இருந்தாலும் எல்லோரோடும் சேர்ந்து நானும் அக்கா என்றே கூப்பிட்டேன். யாரும் ஆட்சேபிக்கவில்லை. அவர் மட்டும் ஒருமுறை, "சார், என்னைக் கிழவி ஆக்கறதுல உங்களுக்கு அப்படி என்ன சந்தோஷம்?" என்று கேட்டார்.

கடைவாயில் முதல் கவிதை வெளியான நாளை நம்மில் பலர் கதையாகக் கேட்டிருப்பீர்கள். கதை நடந்தபோது அங்கே இருந்த ஒரே சாட்சி அக்காவின் கணவர், நம் அத்தான். அவர் அனுமதியோடு சொல்கிறேன். என்ன அத்தான், சொல்லலாமா? தலையாட்டுகிறார். சரி.

அக்கா முதல் கவிதையைப் பதிவேற்றினார். கொஞ்ச நேரத்திலேயே மூன்று பின்னூட்டங்கள்! 'கவிதை ரசிகன்' என்று ஒருவர் பாராட்டியிருந்தார். 'பெயர் சொல்ல விரும்பாதவன்' என்று இன்னொருவர் புகழ்ந்திருந்தார். மூன்றாவதாகக் 'கடல்கடந்த தோழி' என்று ஒரு பெண்மணி. அவர் எழுதியது இது: "எங்கோ தூர தேசத்தில் இருந்தாலும் உங்கள் வரிகள் என் நெஞ்சைத் தொட்டன தோழி. அடுப்பில் பால் இருக்கிறது, பார்த்துக்கொள்."

நடந்தது என்ன? அத்தான் வண்ணக் கடையில் பெயின்ட் கலந்து கொடுப்பவர். கடையில் உட்கார்ந்துகொண்டு, மனைவிக்காக மூன்று பெயர்களில் மூன்று முகவரி உண்டாக்கிப் பின்னூட்டம் போட்டுக்கொண்டிருந்தார். இடையில், வீட்டை விட்டுக் கிளம்பும்போது அடுப்பில் பாலை வைத்தது ஞாபகம் வந்துவிட்டது. மனைவிக்குத் தகவல் அனுப்ப வேண்டும் என்ற பதற்றத்தில், அதையும் அந்தப் பெட்டியிலேயே தட்டிவிட்டார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவரிடம் அக்கா கேட்டாராம்:

"ஏங்க, தூர தேசத்துல இருக்கற அந்த அம்மாவுக்கு நம்ம வீட்டு அடுப்புல பால் இருக்கறது எப்படித் தெரிஞ்சுது?"

அத்தான் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாராம்: "நல்ல வாசகின்னா அப்படித்தாம்மா. கவிதைக்குப் பின்னாடி இருக்கறதும் தெரியும்."

சிரியுங்கள், சிரியுங்கள். இந்தக் கூட்டத்தில் சிரிப்பதில் தப்பே இல்லை. வாழ்நாள் முழுக்கச் சிரிப்பு செய்து அனுப்பியவருக்கு இது உரிய மரியாதைதான்.

அக்காவும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "இனிமே நீங்க என் கவிதைக்குப் பின்னூட்டம் போடவே கூடாது. நீங்க போட்டா அது வாசிச்ச மாதிரி இல்ல. தலையைத் தடவிக் கொடுக்கற மாதிரி இருக்கு. எனக்கு வாசகர் வேணுங்க. வீட்டுக்காரர் ஏற்கெனவே இருக்கார்."

அத்தான் அன்றைக்கு வாயை மூடியவர்தான்.

அந்தப் பாலிலிருந்து பிறந்ததுதான் நம்முடைய வழக்கம்! தன் கவிதையைத் தன் பக்கத்தில் வைத்தால் தன்னைச் சுற்றியிருப்பவர்கள் மட்டும்தான் கைதட்டுவார்கள் என்று அக்காவுக்குப் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் கடைவாயில் தன் கவிதை ஒன்றைக்கூடப் போடவில்லை. எழுதியதை எல்லாம் அடுத்தவர் பக்கத்துக்கு அனுப்பினார். "உங்க வீட்டுக்கு ஒரு கவிதையை விருந்துக்கு அனுப்பறேன், இடம் இருக்கா?" என்று கேட்பார். பதிலுக்கு நம் கவிதைகளைத் தன் பக்கத்துக்கு விருந்தாக அழைத்தார். வந்த ஒவ்வொரு கவிதைக்கும் கீழே, தன் கைப்பட ஒரு பத்தி எழுதிச் சேர்த்து வெளியிட்டார்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். நம் பிள்ளை நம் வீட்டில் தட்டை எடுத்து வைக்காது. கேட்டால் முறைக்கும். அதே பிள்ளை பக்கத்து வீட்டுக்குப் போனால், தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "ஆன்ட்டி, வேற ஏதாவது செய்யணுமா?" என்று கேட்கும். கவிதையும் அப்படித்தான் என்பார் அக்கா. வேறு வீட்டுக்கு அனுப்பப்போகிறோம் என்று தெரிந்தால், தலைவாரி, பொத்தானைப் போட்டு, தேவையில்லாததைப் பையிலிருந்து எடுத்து வைத்துவிட்டுத்தானே அனுப்புவோம்? இந்த ஒரு வழக்கத்தால் எத்தனை கவிதைகள் ஒழுங்காயின! எத்தனை பேர், தாங்கள் எழுதுவதை மட்டுமே படிக்கிற நோயிலிருந்து எழுந்தார்கள்!

அந்தக் கீழ்ப்பத்தியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பல்செட் செய்து முடித்ததும் மேல் தாடைக்கும் கீழ்த் தாடைக்கும் நடுவில் நீல மை தடவிய ஒரு தாளை வைத்துக் கடிக்க வைப்பார்கள். எங்கே மை அழுத்தமாக ஒட்டுகிறதோ அந்த இடம் உயரமாக இருக்கிறது என்று அர்த்தம். அதை மட்டும் கொஞ்சம் தேய்த்துவிட்டால் பல் உட்கார்ந்துவிடும். கவிதையையும் அக்கா அப்படித்தான் படித்தார். "நல்லா இருக்கு, நல்லா இல்லை" என்பதெல்லாம் அவரிடம் கிடையாது. ஒரே சொல்தான்: "இந்த வரி இடிக்குது."

இங்கே மூன்றாவது வரிசையில் மருந்துக் கடைக்காரர் உட்கார்ந்திருக்கிறார். மருந்துச் சீட்டு மாதிரியே நீளமான கவிதைகள் எழுதுவார். ஒருமுறை, பிரிவைப் பற்றி ஒரு கவிதையை விருந்துக்கு அனுப்பினார். அக்கா தொலைபேசியில் அழைத்தார். நான் அப்போது கடையில் மாத்திரை வாங்க நின்றுகொண்டிருந்தேன். அக்கா பேசியது கடை முழுக்கக் கேட்டது.

"தம்பி, கடைசி வரி மட்டும் சரியாக் கடிக்குது. மத்ததெல்லாம் இடிக்குது."

"அக்கா, மத்தது இல்லாம கடைசி வரி எப்படிக்கா வரும்?"

"அது எனக்குத் தெரியாது. உங்க கடையில தலைவலின்னு வந்தா என்ன பண்ணுவீங்க? கடையில இருக்கற மருந்தையெல்லாம் குடுத்து அனுப்புவீங்களா?"

மருந்துக் கடைக்காரர் கோபத்தில் எனக்கு வேறு யாருடைய மாத்திரையையோ கொடுத்துவிட்டார். நல்லவேளை, நான் கண்ணாடி போட்டிருந்தேன். கொஞ்ச நாள் அக்காவோடு பேசவில்லை. ஒரு நாள் ஒற்றை வரியை மட்டும் அனுப்பினார். அந்த வரிக்குக் கீழே அக்கா எழுதிய பத்திதான் இன்றுவரை அவருக்குக் கிடைத்த பெரிய விருது. கேட்டுப் பாருங்கள், பார்க்காமல் சொல்வார்.

இப்படிப்பட்ட கடைவாய்க்குத்தான், நண்பர்களே, போன வருடம் அந்த இடி விழுந்தது.

அக்காவின் உடம்பு ஏற்கெனவே தளர்ந்துவிட்டிருந்தது. மருத்துவமனையில் படுத்திருந்தார். ஜன்னல் இல்லாத அறை. கட்டிலுக்கு மேலே ஒரு குழல்விளக்கு, அது அவ்வப்போது கண் சிமிட்டும். மகளிடம் கைப்பேசியை வாங்கி, கடைவாயைத் திறந்து பார்த்திருக்கிறார். பக்கம் இல்லை. வெறும் வெள்ளை. வலைப்பதிவுக்கு இடம் கொடுத்திருந்த நிறுவனம் கடையை மூடிவிட்டது. மூடப்போகிறோம் என்று முன்கூட்டியே அஞ்சல் அனுப்பித்தான் இருக்கிறார்கள். அக்கா என்றைக்கோ கைவிட்ட பழைய முகவரிக்கு அது போயிருக்கிறது. யாரைக் குறை சொல்வது?

செய்தி கேட்டு நாங்கள் ஓடினோம். நான், மருந்துக் கடைக்காரர், அப்புறம் நம்முடைய லிஃப்ட் தம்பி. அவர் உயரமான கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பவர். அங்கே கதவோரமாக நிற்கிறார் பாருங்கள், கூட்டம் என்றாலே கதவு திறக்குமா என்று பார்த்துக்கொண்டுதான் நிற்பார். நான் ஆறுதல் சொன்னேன். "கவலைப்படாதீங்கக்கா. உங்க கவிதை எல்லாம் எங்க பக்கங்கள்ல பத்திரமா இருக்கு. ஒண்ணுகூடப் போகல."

அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! கணக்கே புரியாமல் விடையைச் சொல்கிற பையனை நான் அப்படித்தான் பார்ப்பேன்.

"சார், என் கவிதையை யார் கேட்டா? என் வீட்டுக்கு வந்த விருந்தாளிங்க எங்கே?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் கவிதைகள் நம்மிடம் இருந்தன. நம் கவிதைகள் அவரிடம் அல்லவா இருந்தன! சிலர் பிரதி வைத்திருந்தோம். பலர் வைத்திருக்கவில்லை. லிஃப்ட் தம்பிக்குச் சொந்தமாகப் பக்கமே கிடையாது. இரண்டு மாடிகளுக்கு நடுவில் லிஃப்டின் மேல் உட்கார்ந்துகொண்டு கைப்பேசியில் எழுதுவார், அப்படியே அக்காவுக்கு அனுப்புவார், அழித்துவிடுவார். கடைவாய் ஒன்றுதான் அவருக்கு இருந்த புத்தகம்.

தம்பி சமாதானமாகச் சொன்னார்: "விடுங்கக்கா. போனா போகட்டும். நான் வேற எழுதிக்கறேன்."

"வேற எழுதலாம்ப்பா. அதையே எழுத முடியுமா?" என்றார் அக்கா. சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "கூப்பிட்டு உக்கார வச்சேன். வீட்டைப் பூட்டாம விட்டுட்டேன்" என்றார். நோயைப் பற்றி ஒரு வார்த்தை முனகாத மனுஷி அவர். அன்றைக்குத்தான் அவர் குரல் உடைந்து நான் கேட்டேன்.

வெளியே காத்திருப்பு அறையில் வந்து உட்கார்ந்தோம். அத்தான் மட்டும் உட்காராமல், காபி இயந்திரத்துக்கும் கதவுக்கும் நடையாக நடந்துகொண்டிருந்தார். காபி எடுக்கவில்லை. மகள்தான் கேட்டார்:

"என்னப்பா, என்ன வேணும் உங்களுக்கு?"

"ஒண்ணுமில்லம்மா. அந்தத் தோழிகிட்ட எல்லாம் இருக்கும்."

"எந்தத் தோழி?"

"அதான்... கடல்கடந்த தோழி."

எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மனிதருக்குக் கலக்கத்தில் ஏதோ ஆகிவிட்டது என்றே நான் நினைத்தேன். மெல்ல மெல்லத்தான் விஷயம் வெளியே வந்தது. அக்கா பின்னூட்டம் போடக் கூடாது என்றுதானே சொன்னார்? படிக்கக் கூடாது என்று சொல்லவில்லையே! புதுப் பதிவு வந்தால் அதை முழுசாக மின்னஞ்சலில் அனுப்பிவைக்கிற வசதி ஒன்று இருந்தது. கடல்கடந்த தோழியின் பெயரில் உண்டாக்கிய அந்த முகவரியை அத்தான் மூடாமல், யாருக்கும் தெரியாமல், கடைவாய்க்குச் சந்தாதாரர் ஆக்கி வைத்திருந்தார். ஒவ்வொரு நாளும் கடையில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, பெயின்ட் டப்பா மேல் உட்கார்ந்து படித்திருக்கிறார். ஒன்றைக்கூட அழிக்கவில்லை.

"பாஸ்வேர்ட் என்னப்பா?" என்று மகள் கேட்டார்.

அத்தான் எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். மகளின் காதில் சொன்னார். மகள் அவரை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினார். அது என்ன என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. அத்தானின் காது இப்போதும் சிவப்பதைப் பார்த்தால் கேட்கவும் தேவையில்லை.

திறந்தது நண்பர்களே! எல்லாம் இருந்தன! முதல் விருந்தாளியிலிருந்து கடைசி விருந்தாளி வரை, ஒவ்வொரு கவிதையும், ஒவ்வொன்றின் கீழும் அக்கா எழுதிய பத்தியும், வந்த வரிசையில் அப்படியே இருந்தன! பின்னூட்டங்கள் மட்டும் கிடைக்கவில்லை. அந்தப் பாலும் போய்விட்டது. அதனாலென்ன? அதுதான் நம் எல்லோருக்கும் மனப்பாடம் ஆயிற்றே! லிஃப்ட் தம்பி தன் கவிதையைத் திரையில் பார்த்துவிட்டு, மருத்துவமனை என்பதையும் மறந்து கூவிவிட்டார். செவிலி ஓடிவந்து அதட்டினார்.

இல்லாத ஒரு வாசகியின் அஞ்சல்பெட்டி, இருந்த எல்லோருடைய எழுத்தையும் காப்பாற்றியது. இதைவிட நல்ல வாசகி நம்மில் யாருக்காவது கிடைத்திருக்கிறாரா? சொல்லுங்கள்!

அடுத்து வந்த நாட்களில் நாம் செய்ததை நீங்கள் அறிவீர்கள். ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டு புது இடத்தில் கடைவாயை எழுப்பினோம். இங்கேயும் அக்காவின் வழக்கத்தை விடவில்லை. யாரும் தன் கவிதையைத் தானே ஏற்றவில்லை. அடுத்தவர் கவிதையைத்தான் ஏற்றினோம். மருந்துக் கடைக்காரரின் அந்த ஒற்றை வரியை ஏற்றும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. அதை ஏற்றுவதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

முடித்துவிட்டு, கைப்பேசியை அக்காவின் கையில் கொடுத்தோம். பார்த்தார். மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். எல்லாரும் வந்துட்டாங்களா என்று கேட்டார். வந்துட்டாங்கக்கா என்றோம். அப்புறம் அத்தானை நிமிர்ந்து பார்த்து, "ஏங்க, உங்க தோழி இன்னும் உயிரோட இருக்காளா? நான் வேற அவளை அப்பவே துரத்திட்டதா நினைச்சேன்" என்றார். அந்த அறையின் குழல்விளக்கு அன்றைக்கு ஒருமுறைகூடக் கண் சிமிட்டவில்லை. நானாகச் சொல்லவில்லை, தம்பி ஏறிச் சரிசெய்துவிட்டார்.

நான் அறிவிக்க வந்த வெற்றி இதுதானா? இல்லை. இன்னும் ஒன்று இருக்கிறது.

அக்கா கடைசியாக ஒரு கவிதை எழுதினார். யாருக்கு விருந்தாக அனுப்பினார் என்று நினைக்கிறீர்கள்? எனக்கு வரும் என்று எதிர்பார்த்தேன், மறைக்காமல் சொல்கிறேன். எனக்கு வரவில்லை. கடல்கடந்த தோழிக்கு அனுப்பினார்! அத்தான் அதை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படித்தார். மறுநாளும் படித்தார். சாயங்காலம் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நானும் மகளும் அங்கே இருந்தோம்.

"ஒரு வரி இடிக்குதும்மா."

அக்கா தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். "எது?"

"'காலமே, உன்னால் என்னை விழுங்க முடியாது'ன்னு ஒரு வரி வருதே, அது. நீ பேசற மாதிரி இல்ல. யாரோ மேடையில நின்னு பேசற மாதிரி இருக்கு."

மேடையில் நிற்கிற நான் அதை வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அன்றைக்கு அந்த அறையில் நான் பார்த்ததை எந்த மேடையிலும் சரியாகச் சொல்ல முடியாது. அக்கா அந்த வரியைத் தனக்குள்ளேயே ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "ஆமாங்க. இடிக்குது" என்றார். வரியை அடித்துவிட்டார். பிறகு மகளைப் பார்த்துச் சொன்னார், முகமெல்லாம் மலர்ந்து சொன்னார்:

"பாத்தியாடி! எனக்கு ஒரு வாசகர் கிடைச்சுட்டார்."

அன்பர்களே, ஒரு கவிஞருக்கு இதற்கு மேல் என்ன வெற்றி வேண்டும்? முதல் நாள் எதைத் தேடிப் புறப்பட்டாரோ, அதைக் கடைசியில், தன் கட்டிலின் ஓரத்திலேயே கண்டெடுத்துவிட்டுப் போயிருக்கிறார்! தோற்றுப் போனவர்களுக்கு இரங்கலாம். அக்காவுக்கு எப்படி இரங்குவது?

இன்று காலை அத்தான் கடல்கடந்த தோழியின் பெயரில் ஒரு பக்கம் தொடங்கியிருக்கிறார். அதில் இருக்கும் ஒரே பதிவு அந்தக் கவிதை. விருந்தாளியை உட்கார வைக்க அவருக்கும் ஒரு வீடு வேண்டுமல்லவா?

ஆகவே உங்கள் சார்பில் நான் உறுதி சொல்கிறேன். கடைவாய் நடக்கும். லிஃப்ட் தம்பி அதன் சாவியை வைத்துக்கொள்வார், கதவைப் பற்றி அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். நம் கவிதையை நாமே மெச்சிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டோம். அடுத்த வீட்டுக்கு அனுப்புவோம். வந்த கவிதையை வாசலில் நிற்க வைக்க மாட்டோம். இடித்தால் இடிக்கிறது என்று சொல்வோம். சொன்னால் மாத்திரையை மாற்றிக் கொடுக்க மாட்டோம்!

கூட்டத்தை முடிக்கும் முன் எழுந்து நின்று மௌனமாக இருப்பது வழக்கம். நூலகர் அம்மா மன்னிக்க வேண்டும். ஒரு கவிதைக்குக் கீழே ஒன்றுமே எழுதாமல் போவதுதான் அக்காவுக்குப் பிடிக்காத ஒரே காரியம். அதனால் எழுந்து நிற்போம், மௌனமாக அல்ல. உங்கள் கையில் கொடுத்திருக்கிற தாளில் அவருடைய கடைசிக் கவிதை இருக்கிறது. சேர்ந்து வாசிப்போம். அத்தான், நீங்கள் முதல் வரியை எடுத்துக் கொடுங்கள். வாசகர்தான் தொடங்க வேண்டும்.

யாருடைய சிரிப்பு என்று கேட்டதில்லை.
மெழுகில் வளைத்தேன்,
கொதிநீரில் இறுக்கினேன்,
பெட்டியில் வைத்து அனுப்பினேன்.
தெருவில் எதிரே வருகிறவர்கள் எல்லாம்
தெரிந்தவர்கள் போலவே சிரிக்கிறார்கள்.
நாளைக்கும் யாரோ ஒருவர்
ஓர் ஆப்பிளைக் கடிப்பார்.
அந்தச் சத்தம் கேட்டால்
திரும்பிப் பாருங்கள்.